அம்மாவுக்கு நோய் நாலு, உடம்பு ஒண்ணுதான்

நேத்துல இருந்து எல்லாரும் ஷேர் பண்ற அந்த டாக்டர் வீடியோவ நானும் பாத்தேன். ஆப்ல ரீடிங் போடாத பேஷண்ட்டுக்கு உடம்பு மேல அக்கறை இல்லையாம். மனசு ஆறவே இல்ல.

எங்கம்மாவுக்கு சுகர், பிபி, கிட்னி பிரச்சனை, இப்ப ஹார்ட்டும். சுகருக்கு ஒரு ஆப், பிபிக்கு ஒண்ணு, ஆஸ்பத்திரி ஆப் தனி. ஒண்ணு சொல்றது இன்னொண்ணுக்குத் தெரியாது. பிபி ஆப் இளநீர் குடிங்க, சோடியம் கம்மியான உப்பு வாங்குங்கன்னுது. அந்த உப்புல சோடியத்துக்குப் பதிலா போடறதே பொட்டாசியம்தான், கிட்னி சரியில்லாதவங்களுக்கு அது ரத்தத்துல ஏறினா இதயத்துடிப்பே தாறுமாறா போயிடும். சுகர் ஆப் நிறைய தண்ணி குடிக்கச் சொல்லுது, ஹார்ட் டாக்டர் அளந்து குடிக்கச் சொல்லியிருக்கார். கிட்னி டாக்டர் நிறுத்தின மெட்ஃபார்மின்ற சுகர் மாத்திரைக்கு ஆஸ்பத்திரி ஆப் இன்னும் அலாரம் அடிக்குது, அந்த அலாரத்த நாங்க நீக்க முடியாதாம், ஆஸ்பத்திரிக்காரங்கதான் நீக்கணுமாம், சொல்லியும் நீக்கல. யார் பேச்ச கேக்கறது? உடம்பு ஒண்ணுதானே இருக்கு!

அம்மா தினமும் காலைல விரல்ல குத்தி, வர்ற நம்பர தினசரி காலண்டர் தாள்ல, ராகு காலத்துக்குப் பக்கத்துல, பென்சில்ல எழுதுவாங்க. கால் வீங்கினா அதயும் எழுதுவாங்க. கிழிச்ச தாளெல்லாம் கிளிப் போட்டு பத்திரமா இருக்கு. இது அக்கறை இல்லையா டாக்டர்?

டெக்னாலஜிக்கு எதிரியானு கேப்பீங்க. இல்ல. மாத்திரை நேரத்த ஞாபகப்படுத்த ஆப் நல்லதுதான், ரீடிங் ஒரே இடத்துல இருந்தா டாக்டருக்கும் சுலபம். ஒத்துக்கறேன். ஆனா நாலு நோயையும் சேத்துப் பாக்கற ஆப்ப குடுங்க, தமிழ்ல குடுங்க, பெரிய எழுத்துல குடுங்க, அப்புறம் திட்டுங்க. 'புள்ளைங்க போட்டுக் குடுக்கலாமே'ன்றவங்க, சென்னைல இந்தக் கோடி பெரம்பூர்ல இருந்து அந்தக் கோடி சிறுசேரிக்கு வேலைக்குப் போயிட்டு வந்து பாருங்க.

2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல எங்க தெருவுக்கு ஒரு அக்கா வராங்க. பிபி பாத்துட்டு, 'மூட்டு வலிக்கு மெடிக்கல்ல எதாவது வாங்கிப் போடறீங்களாம்மா?'னு கேட்டாங்க. ஐபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரை கிட்னியயும் கெடுக்கும், பிபியயும் ஏத்தும். இத்தன ஆப்ல ஒண்ணு கூட இத கேக்கலயே, அந்த அக்கா கேட்டாங்களே!

வீடியோவ அம்மாவும் பாத்துட்டாங்க. 'நான் என்னடா பண்ணாம விட்டேன்?'னு கேக்கறாங்க. எனக்கு கோவம் அதான். அக்கறை இல்லன்னு வீடியோவுல சொன்னீங்க டாக்டர், அது தப்புன்னும் வீடியோவுலயே சொல்லுங்க.