மேவ் ராணி பேராசைக்காரி இல்லை

அயர்லாந்தின் மேற்குக் கரையில், ஸ்லைகோ ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது நாக்னரே மலை. உயரம் 327 மீட்டர்தான். உச்சியில் பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பிரம்மாண்டமான கற்குவியல். கனாக்ட் நாட்டு அரசி மேவ் அதற்குள் கையில் ஈட்டியோடு, பகை நாடான அல்ஸ்டரைப் பார்த்தபடி, நின்ற நிலையிலேயே புதைக்கப்பட்டிருக்கிறாள் என்று அங்கே சொல்வார்கள்.

மேவ் என்றாலே 'ஒரு காளைக்காகப் போர் தொடுத்த பேராசைக்காரி' என்று பேச்சை முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

'டாயின்' என்ற பழைய ஐரிஷ் காவியத்தில் அவள் கதை தொடங்குவது படுக்கையறையில். "என்னைக் கட்டிக்கொண்ட பிறகுதான் உனக்கு வசதி வந்தது" என்கிறான் கணவன் அலில். அவளுக்குச் சுருக்கென்கிறது. சரி, பார்த்துவிடலாம் என்று இருவர் சொத்தையும் கொண்டுவரச் சொல்கிறார்கள். வாளி, அண்டா, மோதிரம், துணிமணி, ஆடு, குதிரை, பன்றி என எல்லாம் சரிக்குச் சரி. வெள்ளைக் கொம்புக் காளை ஒன்று மட்டும் அவன் பக்கம் கூடுதல். அதுவும் மேவின் மந்தையில் பிறந்த கன்றுதான்! பெண்ணுக்குச் சொந்தமாக இருக்கப் பிடிக்காமல் அவன் மந்தைக்குப் போய்விட்டதாம்.

பழைய ஐரிஷ் சட்டத்தில், திருமணத்துக்கு யார் எவ்வளவு சொத்து கொண்டுவந்தார் என்பதைப் பொறுத்தே தம்பதியரின் உரிமை அமைந்தது. அப்படியிருக்க, அந்த ஒரு காளையை வெறும் மாடு என்று எப்படிச் சொல்வது?

எடுத்த எடுப்பில் அவள் படை திரட்டவும் இல்லை. அல்ஸ்டரில் இருந்த பழுப்புக் காளையை ஒரு வருஷத்துக்கு இரவலாகக் கேட்டாள். பதிலுக்கு ஐம்பது கிடாரிகள், நிலம், தேர் எல்லாம் தருவதாகத் தூது அனுப்பினாள். காளைக்காரர் சம்மதித்தும்விட்டார். "தராவிட்டாலும் பிடுங்கியிருப்போம்" என்று தூதர்கள் குடிபோதையில் உளறியதில்தான் காரியம் கெட்டுப் போர் மூண்டது.

அப்புறம் அவள் செய்த எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அல்ஸ்டரைத் தனியாளாகக் காத்து நின்ற வீரன் கூ ஹுலினோடு மோத வீரர்களை இழுப்பதற்குத் தன் மகளையே பரிசாகக் காட்டியது கொடுமை. ஆனால் கதையின் முடிவில், பெண்குதிரை பின்னால் போன மந்தை உருப்படாது என்று அவள் படையிலேயே இருந்த ஃபெர்கஸ் பேசுகிறானே, அதை என்னால் தீர்ப்பாக ஏற்க முடியாது. 12ஆம் நூற்றாண்டில் ஏட்டில் எழுதிவைத்தவர்கள் துறவிகள் என்பதையும் சேர்த்தே அதைப் படிக்கிறேன்.

ஸ்லைகோ மக்களோ கண்ணுக்கெட்டிய தூரத்தில் மிகப் பெரிய சமாதியை அவளுக்குத்தான் கொடுத்தார்கள். அந்தக் கற்குவியலுக்கு வயது சுமார் 5000 ஆண்டுகள், மேவ் கதைகள் அதற்கு மிகவும் பிந்தியவை என்கிறார்கள் தொல்லியலாளர்கள். இருக்கட்டும். அவளை எங்கே வைக்க வேண்டும் என்று அந்த ஊர் எடுத்த முடிவு அதனால் பொய்யாகிவிடாது.

இன்றுவரை யாரும் அதைத் தோண்டிப் பார்த்ததில்லை. ஆனால் படம் எடுக்க ஏறுபவர்களின் காலடியில் கற்கள் சரிகின்றன. போகிறவர்கள் தயவுசெய்து மேலே ஏறாமல் சுற்றிவந்து பாருங்கள்.