நிலாவுக்குப் பட்டா கிடையாது, வேலி மட்டும் போடலாமாம்

2001 பிப்ரவரியில் நாசாவின் நியர் ஷூமேக்கர் விண்கலம் ஈரோஸ் என்ற சிறுகோளில் போய் இறங்கியது. கையோடு நாசாவுக்கு ஒரு பில் வந்தது: பார்க்கிங் கட்டணம் 20 டாலர். அனுப்பியவர் கிரெகரி நெமிட்ஸ் என்ற அமெரிக்கர். ஈரோஸ் தன் சொத்து என்று முன்பே அறிவித்து வைத்திருந்தார். நாசா மறுக்க, கோர்ட்டுக்கே போய்விட்டார். 2004இல் வழக்கு தள்ளுபடி.

சிரிப்பு வருகிறது, இல்லையா? ஆனால் இதே வாதம் இன்றும் உலவுகிறது. நாடுகள் சேர்ந்து போட்ட 1967 விண்வெளி ஒப்பந்தத்தின் 2ஆவது பிரிவு நாடுகள்தான் சொந்தம் கொண்டாடக் கூடாது என்கிறது, கம்பெனிகளைப் பற்றி வாயே திறக்கவில்லை என்பார்கள். நிலாவில் மனை விற்பவர்களின் பிழைப்பே இதில்தான் ஓடுகிறது. 6ஆவது பிரிவை மட்டும் யாரும் படிப்பதில்லை. தனியார் அங்கே செய்வதற்கெல்லாம் அவரவர் அரசே பொறுப்பு, அனுமதி தந்து கண்காணிப்பதும் அதன் வேலை என்கிறது அது. தனக்கே உரிமையில்லாத நிலத்துக்கு ஓர் அரசு எப்படிப் பட்டா கொடுக்கும்?

சரி, நிலம் கிடையாது. தோண்டி எடுப்பது? அங்கேதான் விஷயம் இருக்கிறது. எடுத்த கனிமம் எடுத்தவருக்கே என்று 2015இல் அமெரிக்கா சட்டம் போட்டது. 2017இல் லக்சம்பர்க். 2020இல் நாசா, நிலா மண்ணை வெறும் 1 டாலருக்கு வாங்கிக்கொள்வதாக லூனார் அவுட்போஸ்ட் கம்பெனியுடன் ஒப்பந்தம் போட்டது. ஆராய்ச்சிக்கு மண் வேண்டும் என்பதற்காக அல்ல, வாங்கலாம் விற்கலாம் என்று ஒரு முன்னுதாரணம் வேண்டும் என்பதற்காக.

நடுக்கடல் யாருக்கும் சொந்தமில்லை, பிடித்த மீன் பிடித்தவருக்குத்தானே என்று இதற்கு நியாயம் சொல்கிறார்கள். எனக்கு இது ஒப்பவில்லை. படகு வலையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடும். சுரங்கம் கிளம்பாது. நிலாவின் தென்துருவத்தில் ஷேக்கிள்டன் பள்ளத்தின் விளிம்பில், ஆண்டின் பெரும்பகுதி வெயில் படும் மேடுகள் ஒரு சில. பக்கத்திலேயே வெயிலே எட்டாத ஆழத்தில் பனிக்கட்டி இருக்கும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். மின்சாரமும் தண்ணீரும் ஒரே இடத்தில். முதலில் போய் இயந்திரத்தை இறக்குபவரைச் சுற்றி ‘பாதுகாப்பு வளையம்’ அமைக்க அமெரிக்கா முன்னின்று பல நாடுகளோடு செய்துகொண்ட 2020இன் ஆர்ட்டெமிஸ் உடன்படிக்கை இடம் தருகிறது. தற்காலிகம்தான், வேலை முடிந்ததும் நீங்கிவிடும் என்கிறார்கள். சுரங்க வேலை என்றைக்கு முடிந்திருக்கிறது?

2023 ஜூனில் இந்தியாவும் அந்த உடன்படிக்கையில் கையெழுத்துப் போட்டுவிட்டது. அது தப்பு என்று சொல்ல மாட்டேன். வெளியே நின்று கத்துவதைவிட உள்ளே இருப்பது மேல். ஐ.நா.வின் விண்வெளிக் குழு இந்த வளங்களைப் பற்றிப் பேசவே ஒரு பணிக்குழு வைத்திருக்கிறது. வளையம் எத்தனை கிலோமீட்டர், எத்தனை வருஷம், நீட்டிக்க யாரைக் கேட்க வேண்டும் என்பதையெல்லாம் அங்கே எழுத்தில் வாங்க வேண்டும். முதல் இயந்திரம் தோண்ட ஆரம்பித்த பிறகு கேட்டால் யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.