கண்ணை விடுங்க, என் தலையைக் கேளுங்க!

ஒன்பது நாளாக என் வலது கண்ணைப் பற்றி உறையூரே பேசித் தீர்த்துவிட்டது. இனி நான் பேசுகிறேன்.

போன வாரம் செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. குடிதண்ணீர் தீர்ந்துபோச்சு. 20 லிட்டர் கேனை நானே தூக்கிக் கவிழ்த்தேன். (வீட்டில் இரண்டு ஆம்பிளைகள் உண்டு. ஒருவர் பேப்பரில், இன்னொருவன் போனில். அது தனிப் பஞ்சாயத்து.) கேன் போய் உட்கார்ந்த அதே நொடி, பிடரியில் யாரோ சிதறுதேங்காய் போட்ட மாதிரி ஒரு வலி. எனக்குத் தலைவலி புதுசு இல்லை. இருபது வருஷமாக ஒற்றைத் தலைவலியோடு குடும்பம் நடத்துகிறேன். அது மெதுவாக நெற்றிப்பொட்டில் ஆரம்பித்து, மத்தியானத்துக்குள் தலையில் ஏறி உட்காரும். இது அப்படியில்லை. பத்து எண்ணுவதற்குள் உச்சிக்குப் போய்விட்டது. பிறந்ததிலிருந்து அப்படி வலித்ததில்லை. பாத்ரூமுக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

"தலை வெடிக்குதுங்க" என்றேன். "வெறும் வயித்துல இருந்திருப்ப, காபியக் குடி" என்றது பேப்பர். போன் எழுந்து வந்து தைல டப்பாவை நீட்டியது. அவ்வளவுதான் என் தலைக்குக் கிடைத்த வைத்தியம்.

ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை எனக்கு. சூப்பர்வைசருக்குப் போன் போட்டு அரை நாள் லீவு கேட்டேன். "ஆடித் தள்ளுபடி நேரத்துல தலைவலிக்கெல்லாம் லீவு கேக்குறீங்களேக்கா" என்றார். கேட்டது தப்புதான் என்று தைலத்தைத் தடவிக்கொண்டு பஸ் ஏறினேன்.

கவுன்டரில் உட்கார்ந்து பத்து நிமிஷம்கூட இருக்காது. பக்கத்துப் பெண் "ஐயோ அக்கா, கண்ணு!" என்று அலறினாள். புடவை வைத்துப் பார்க்கிற கண்ணாடியில் போய்ப் பார்த்தேன். குங்குமத்தைக் கரைத்து ஊற்றியது போல, கருவிழியிலிருந்து வெளி ஓரம் வரைக்கும் ஒரே ரத்தம். வலி இல்லை, உறுத்தல் இல்லை, பார்வையும் பளிச்சென்று இருந்தது. ஆனால் பார்த்தவர்களுக்கு ஈரக்குலை நடுங்கியது. தலைவலிக்கு லீவு இல்லை என்ற அதே சூப்பர்வைசர் நான்கடி தள்ளி நின்று, "மெட்ராஸ் ஐ-யா? மொதல்ல கெளம்புங்க, கஸ்டமருக்கு ஒட்டிக்கும்" என்றார். மூன்று நாள் கட்டாய லீவு. சம்பளப் பிடித்தத்தோடு!

மெட்ராஸ் ஐ இல்லையய்யா இது! 1918-ல் சென்னையில் முதலில் தெரிய வந்ததால் அந்தப் பெயர் என்பார்கள். நூறு வருஷம் தாண்டியும் நமக்கு அதை அடையாளம் தெரியவில்லை. அது வந்தால் கண் முழுக்கச் சிவக்கும், மணல் விழுந்தாற்போல உறுத்தும், தண்ணீர் கொட்டும், காலையில் பீளை ஒட்டி இமை பிரியாது. கிருமி கையிலும் துண்டிலும் தலையணையிலும் ஏறித்தான் அடுத்த ஆளுக்குப் போகும், பார்த்தாலே ஒட்டிக்கொள்ளாது. எனக்கு வந்தது வெறும் ரத்தக்கட்டு. வெள்ளை விழிக்கு மேலே கண்ணாடிக் காகிதம் மாதிரி ஒரு சவ்வு இருக்கிறது. அதற்கடியில் ஓடுகிற மயிரிழை ரத்தக்குழாய் ஒன்று உடைந்தால், சொட்டு ரத்தம்கூட அந்தச் சவ்வுக்குக் கீழே பரவிப் பெரிய கலவரமாகத் தெரியும். தும்மல், இருமல், வாந்தி, முக்கித் தூக்குகிற பாரம், கண்ணைக் கசக்குவது, எதனாலும் உடையலாம். முழங்கையில் இடித்துக்கொண்டால் கன்றிப்போகுமே, அதேதான். அங்கே தோல் மறைக்கிறது, இங்கே சவ்வு காட்டிக்கொடுக்கிறது.

இதெல்லாம் எனக்கு அன்றைக்கா தெரியும்? அன்றைக்குத் தெரிந்தவர்கள் எல்லாம் வேறு ஆட்கள். மாமியார், "சூடு தலைக்கு ஏறிருச்சு, உச்சியில வெளக்கெண்ண வை. பச்சப்புள்ளக்காரி யாராச்சும் இருந்தா தாய்ப்பால் ரெண்டு சொட்டு விட்டுக்க" என்றார். நாத்தனார் போனிலேயே "யார் கண்ணு பட்டுச்சோ அண்ணி" என்றாள். மருந்துக்கடைத் தம்பி கண்ணைக்கூடச் சரியாகப் பார்க்காமல், ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை எடுத்து மேஜையில் வைத்தான். சீட்டு கேட்கவில்லை, எத்தனை நாள் என்று சொல்லவில்லை. அதைக் கேள்விமுறை இல்லாமல் மாதக்கணக்கில் விட்டுக்கொண்டால் கண்ணில் அழுத்தம் ஏறும், புரை விழும். அந்தத் தம்பிக்கு அது நூற்றுச் சில்லறை ரூபாய் வியாபாரம்.

இதையெல்லாம் தாண்டிய கூத்து ஒன்று உண்டு. மாடி வீட்டுக்காரம்மா ரகசியமாக என் கையைப் பிடித்து, "மறைக்காம சொல்லும்மா, அவரு கை வச்சாரா?" என்றார். நல்ல மனசு, இல்லையென்று சொல்ல மாட்டேன். நிஜமாகவே அடிபட்டு வாயடைத்து நிற்கிற பெண்களுக்கு அப்படிக் கேட்க ஓர் ஆள் வேண்டும். ஆனால் விஷயம் என் வீட்டுக்காரர் காதுக்குப் போனதும் மனிதர் பதறினார் பாருங்கள்! நான் வாந்தி எடுத்தபோது அசையாதவர், ஓடிப்போய்க் கூலிங் கிளாஸ் வாங்கி வந்துவிட்டார். "வெளிய போறப்ப இத மாட்டிக்க. தெருவுல என்னைய ஒரு மாதிரி பாக்குறாங்க."

இத்தனை பேரில் ஒருத்தர், ஒரே ஒருத்தர், "தலைவலின்னியே, அது எப்படி இருக்கு?" என்று கேட்டிருப்பார்களா?

கேட்டது வியாழக்கிழமை பார்த்த கண் டாக்டர். சின்னப் பெண், என் மகள் வயதிருக்கும். டார்ச் அடித்தார், எழுத்துப் படிக்கச் சொன்னார், கண் அழுத்தம் பார்த்தார். "கண்ணுக்கு ஒண்ணுமில்லம்மா, ரெண்டு வாரத்துல தானா சரியாயிடும், மருந்தே வேணாம்" என்று முடித்துவிட்டுப் பேனாவை மூடப் போனவர் நிறுத்தினார். "வேற ஏதாவது தொந்தரவு?" சொன்னேன். "மெதுவா வந்துச்சா, ஒரேயடியா வந்துச்சா?" ஒரேயடியாக என்றேன். அந்தப் பெண்ணின் முகம் மாறியதை நான் மறக்க மாட்டேன். உடனே பிரஷர் பார்த்தார். 190/110. "இங்கேருந்து நேரா பெரியாஸ்பத்திரி போங்க. வீட்டுக்குப் போயிட்டுப் போறேன்னு சொல்லாதீங்க."

ஒரு நிமிஷத்துக்குள் உச்சத்துக்குப் போகிற தலைவலி என்றால், மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்திருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்களாம். வலி தொடங்கி ஆறு மணி நேரத்துக்குள் போயிருந்தால் பெரும்பாலும் சி.டி. ஸ்கேனிலேயே தெரிந்துவிடும். நான் இரண்டு நாள் காபியும் தைலமும் குடும்பமுமாகக் கழித்துவிட்டுப் போனேன். நாளானால் கசிவு ஸ்கேனில் மங்கிப்போகுமாம், அதனால் ஸ்கேன் சுத்தமாக இருந்தும் நம்ப முடியாது என்று முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். சுருண்டு படுத்து, முழங்காலை வயிற்றோடு கட்டிக்கொண்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது எனக்கு வந்தது பயம் இல்லை, ஆத்திரம். செவ்வாய்க்கிழமை காலையிலேயே யாராவது ஓர் ஆட்டோ பிடித்திருந்தால், 108-க்கு ஒரு போன் போட்டிருந்தால், இந்த ஊசி எனக்கு எதற்கு?

நீர் தண்ணீர் மாதிரித் தெளிவாக வந்தது. கசிவு இல்லை. பிரஷர்தான், எப்போதிலிருந்து இருக்கிறதோ. போன பொங்கலுக்கே பார்க்கச் சொன்னார்கள், நான்தான் "அப்புறம்" என்று தள்ளினேன். ஆமாம், என்னையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன். கண் சிவந்ததைப் பார்த்து நானும்தானே கண் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்! உறுத்தாத, வலிக்காத, தானாக ஆறுகிற ஒன்றுக்கு ஊரே கூடி நிற்கிறது. ஆளையே கொண்டுபோகக்கூடிய ஒன்றுக்கு ஒரு டப்பா தைலம். வாய் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, கை மரத்தாலோ பதறத் தெரிகிற நமக்கு, "இப்படி வலிச்சதே இல்ல" என்று ஒரு பொம்பளை சொன்னால் மட்டும் காது அடைத்துக்கொள்கிறது.

இன்றைக்குச் சிவப்பு வெளுத்து, ஓரமெல்லாம் மஞ்சளாகிவிட்டது. ரத்தக்கட்டு கலையும்போது அப்படித்தான் நிறம் மாறும். காலையில் கோலம் போடும்போது மாடி வீட்டுக்காரம்மா என் முகத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு உள்ளே ஓடினார். வரும்போது கையில் ஒரு கட்டு கீழாநெல்லி. "மஞ்சக்காமாலைம்மா! மோருல அரைச்சு வெறும் வயித்துல குடி."

வாங்கி அடுப்படியில் வைத்திருக்கிறேன். பிரஷர் மாத்திரை போட்டாயிற்று. குடிதண்ணீர் மறுபடியும் தீர்ந்துவிட்டது. புதுக் கேன் காலையிலிருந்து வாசலிலேயே நிற்கிறது. பேப்பரும் போனும் அதைத் தாண்டித் தாண்டிப் போய்வருகின்றன. நிற்கட்டும்.