வட்டு பழுதாகவில்லை, பாட்டைதான் மறைத்தது

இயங்குதளம் நிறுவுவது பற்றிய ஒரு கட்டுரையைப் படித்தேன். நிறுவும் முன் கணினியின் பாட்டை (பஸ், அதாவது செயலிக்கும் வட்டு போன்ற சாதனங்களுக்கும் இடையே தரவு செல்லும் வழி) அமைப்பை அறிந்துகொள்ள வேண்டும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது முற்றிலும் சரி; ஆனால் எம்.2 என்பதையே ஒரு பாட்டையாக அவர் குறிப்பிட்டிருப்பது பிழை. எம்.2 என்பது செருகுவாயின் வடிவம் மட்டுமே. அதில் பொருந்தும் வட்டு சாட்டா என்னும் பழைய பாட்டை வகையாகவும் இருக்கலாம், பிசிஐ எக்ஸ்பிரஸ் என்னும் வேகமான பாட்டை வழியே இயங்கும் என்விஎம்இ வகையாகவும் இருக்கலாம். முன்னதன் உச்ச வேகம் நொடிக்கு ஏறத்தாழ 600 மெகாபைட், மூன்றாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸின் 4 தடங்கள் தருவதோ ஏறத்தாழ 3,900 மெகாபைட்.

என் தம்பியின் மடிக்கணினி இன்டெல் 11ஆம் தலைமுறையைச் சேர்ந்தது. அதில் விண்டோஸ் 10 நிறுவ முயன்றபோது வட்டுப் பட்டியல் வெறுமையாக நின்றது. பழுதுபார்க்கும் கடையிலோ வட்டே போய்விட்டது என்று சொல்லி, புதிதாக வாங்கச் சொன்னார்கள். கணினியின் அடிப்படை அமைப்புகளைக் காட்டும் பயாஸ் திரையில் அதே வட்டின் பெயரும் கொள்ளளவும் தெளிவாகத் தெரிந்தன என்பதை யாரும் கவனிக்கவில்லை. செயலிக்கும் வட்டுக்கும் இடையே வட்டின் பாட்டையைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் விஎம்டி என்னும் கட்டுப்படுத்தி இருந்ததும், அதற்குரிய இயக்கி (அதை இயங்குதளம் கையாள உதவும் மென்பொருள்) நிறுவல் கோப்பில் இல்லாததுமே காரணம். இன்டெல் தரும் ஆர்எஸ்டி இயக்கியைப் பென்டிரைவிலிருந்து ஏற்றியதும் வட்டு பட்டியலில் வந்துவிட்டது.

பயாஸில் விஎம்டியை அணைத்தும் இதைச் சரிசெய்யலாம். ஆனால் ஏற்கெனவே விண்டோஸ் இருக்கும் கணினியில் அப்படிச் செய்தால் அது பெரும்பாலும் துவங்காமல் நீலத்திரையில் நின்றுவிடும். லினக்ஸ் பயன்படுத்துவோர், நிறுவாமலே இயங்கும் லைவ் பதிப்பில் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளையை இட்டு, எந்தச் சாதனம் எந்தப் பிசிஐ பாட்டையில் இருக்கிறது என்பதை முதலிலேயே பார்த்துவிடலாம்.