வில்சன் வருந்திச் சொன்னதாகச் சுற்றும் வாசகம் ஒட்டுப்போட்டது

"நான் மிகவும் துயரமான மனிதன். அறியாமல் என் நாட்டைப் பாழாக்கிவிட்டேன்." அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வைத் தொடங்கிவைத்த அதிபர் உட்ரோ வில்சன், பிற்காலத்தில் இப்படிப் புலம்பினாராம். வாட்ஸ்அப்பில் அவரது படத்தோடு வலம் வருகிறது.

இந்த முதல் இரண்டு வரிகளும் வில்சனின் பேச்சிலோ எழுத்திலோ இல்லை. அடுத்து வரும் வரிகள் அவருடையவைதான்: "தொழில் வளம் மிக்க பெரிய தேசத்தை அதன் கடன் அமைப்பே ஆள்கிறது. நம் கடன் அமைப்பு ஒருசிலர் கையில் குவிந்திருக்கிறது." கூடவே, உலகிலேயே மோசமாக ஆளப்படும் அரசுகளில் ஒன்றாகிவிட்டோம் என்ற வரியும். ஆனால் இவை 1912 தேர்தல் பிரசாரப் பேச்சுகளைத் தொகுத்து 1913 தொடக்கத்தில் வெளியான 'தி நியூ ஃப்ரீடம்' நூலில், வெவ்வேறு இடங்களில் வருபவை. ஃபெடரல் ரிசர்வ் சட்டத்தில் வில்சன் கையெழுத்திட்டதோ 1913 டிசம்பர் 23. பிறக்காத பிள்ளைக்காக யார் வருந்துவார்கள்?

அவர் சாடியது அன்றைய நிலையை. 1907 நிதி நெருக்கடியில் வங்கிகளைக் காக்க ஜே. பி. மார்கன் என்ற வங்கியாளரை, ஒரு தனி மனிதரை, நம்ப வேண்டியிருந்தது. அந்தக் குவிப்பை உடைக்கத்தான் சட்டம் என்பது வில்சன் தரப்பு வாதம். 1916 தேர்தலிலும் அதைச் சாதனையாகச் சொல்லியே வாக்குக் கேட்டார்.

"கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஆளில்லாத சபையில் கள்ளத்தனமாக நிறைவேற்றினார்கள்" என்பது இதன் வால். பிரதிநிதிகள் சபையில் 298–60, செனட்டில் 43–25 என்று வாக்குப்பதிவு இருக்கிறது. அதற்கு முன் பல மாத விவாதமும் நடந்தது.

ஃபெடரல் ரிசர்வைத் தாராளமாக விமர்சிக்கலாம். அதற்கு வில்சனின் கண்ணீர் தேவையில்லை.