ஐப்பசியில் கொடுக்க வேண்டிய அச்சாரம்

திருநெல்வேலிச் சீமையில் வில்லுப்பாட்டுக் கலைஞருக்கு ஆண்டு பங்குனியில்தான் பிறக்கிறது. தாமிரபரணிப் பாசனத்தில் பிசான நெல் அறுவடையாகி, வயல் ஓய்ந்து, சம்சாரி கையில் நாலு காசு புழங்குகிற மாதம் அது. பங்குனி உத்திரத்துக்குக் குலதெய்வத்தைத் தேடிச் சாஸ்தா கோயிலுக்குப் போய்வந்த கையோடு ஊரூராகக் கொடை என்னும் ஊர்த்தெய்வத் திருவிழாவுக்குக் கால் நாட்டுவார்கள். பனங்காட்டு ஊர்களில் பதநீர் இறக்குவது ஓய்கிற ஆடி, ஆவணியில் இன்னொரு சுற்றுக் கொடை நடக்கும். புரட்டாசி பிறந்தால் வில் உறைக்குள் போய்விடும். பிறகு மழைக்காலம், மார்கழி, தை என்று ஏறத்தாழ ஆறு மாதம் குடமும் உடுக்கையும் வீட்டு மூலையில் கிடக்கும்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவர்களுக்கு உதவ நினைக்கும் நல்ல மனிதர்கள் பலரும் இதை அறியாமலே பேசுகிறார்கள். அம்மன் கொடை செவ்வாயிலும் சுடலைமாடன் கொடை வெள்ளியிலும் நடப்பதே பெரும்பாலான ஊர்களின் வழக்கம். பங்குனி முதல் வைகாசி வரை 13 வாரம், ஆடியும் ஆவணியும் சேர்ந்து 9 வாரம், ஆக மொத்தம் 22 செவ்வாய், 22 வெள்ளி. ஒரு செவ்வாயோ வெள்ளியோ விடாமல் அழைப்பு வந்தாலும் 44 கொடைக்கு மேல் ஒரு குழுவால் பாட முடியாது. நடைமுறையிலோ கொடையின் தொடக்கச் சடங்கான குடியழைப்பு அன்றே வந்து, கொடை முடிந்து மறுநாள் ஊர் திரும்பும் குழுவுக்கு இதில் பாதி அமைந்தாலே நல்ல ஆண்டு என்று பெயர். பத்து ஊர் ஒரே செவ்வாயில் கொடை வைத்தால் ஒன்பது ஊரை அவர்கள் இழக்கத்தான் வேண்டும். அந்தச் சில இரவுகளின் வருமானத்தை முதன்மைப் பாடகரான புலவரும், பின்பாட்டுக்காரரும், உடுக்கை, குடம், தாளம், கட்டை வாசிப்பவர்களும் பங்கிட்டு, அதைக்கொண்டுதான் பன்னிரண்டு மாதத்தையும் கடக்க வேண்டும்.

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு வந்தபோது தமிழ் மாதம் பங்குனி. 2021இல் முழு ஊரடங்கு வந்தபோது சித்திரை கடைசி. மற்றவர்களுக்குச் சில மாத முடக்கமாக இருந்தது இவர்களுக்கு இரண்டு முழு ஆண்டுகளின் இழப்பாக முடிந்தது. அந்த நாட்களில் வாங்கிய வட்டிக் கடனை இன்னமும் அடைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களை நான் நேரில் அறிவேன்.

நகரத்து மேடைகள் இவர்களுக்குக் கைகொடுக்கும் என்று சொல்வதை நான் முழுவதும் மறுக்கவில்லை. கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனும், சுப்பு ஆறுமுகம் ஐயாவும் வில்லை மேடைக்கும் வானொலிக்கும் கொண்டுபோய் அதற்குப் பெரிய மரியாதையைத் தேடித் தந்தார்கள். 2021இல் சுப்பு ஆறுமுகத்துக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது எங்கள் பக்கத்துக் கலைஞர்கள் தங்களுக்கே கிடைத்ததுபோல் மகிழ்ந்தார்கள். ஆனாலும் மேடையில் ஒரு மணி நேரம் பாடும் வில் வேறு, கோயில் முற்றத்தில் பாடும் வில் வேறு. கொடையில் காப்புப் பாடி, குருவடி பாடி, அவையடக்கம் சொல்லி, நாட்டு வளம் பாடிய பிறகே புலவர் கதைக்குள் நுழைவார். கதை நகர நகர, சாமியின் பிறப்பும் வளர்ப்பும் வரமும் சாவும் ஒவ்வொன்றாக வந்து, வரத்துப் பாட்டு ஏறும்போது சாமியாடிகளுக்கு அருள் வர வேண்டும். அந்த இடத்தில் வீசுகோல் வில்லில் விழும் வேகமும் மணிகளின் சத்தமும் உடுக்கையின் குரலும் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டு போவதைப் பக்கத்தில் இருந்து கேட்டவர்களுக்குத்தான், இதை ஒரு மணி நேர நிகழ்ச்சியாகச் சுருக்க முடியாது என்பது புரியும்.

ஆகவே என் குறை நகரத்தின்மீது அல்ல, கொடை நடத்தும் எங்களைப் போன்ற ஊர்க்காரர்கள்மீதுதான். குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போட்டுப் பிரிக்கும் பணத்தில் சீரியல் விளக்குக்கும் வாணவேடிக்கைக்கும் இன்னிசைக் கச்சேரிக்கும் தாராளமாக ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில் வில்லுக்குப் பேரம் பேசுகிறோம். நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர்க் கொடையில் முத்தாரம்மன் கதை பாதியைத் தாண்டிய நேரம், விழாக் குழுவிலிருந்து ஒருவர் வில்மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்று கைக்கடிகாரத்தைக் காட்டினார். அடுத்து கச்சேரிக்காரர்கள் காத்திருந்தார்கள். எழுபதை நெருங்கிய அந்தப் புலவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கதையை நடுவில் முடிச்சுப் போட்டு, வாழி பாடி, வீசுகோல் இரண்டையும் வில்லின்மேல் குறுக்காக வைத்துக் கும்பிட்டார். முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த கிழவிகள், "கதை முடியலியே, அதுக்குள்ள வாழி பாடுதாவளே" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது. வரி கொடுத்தவர்களில் நானும் ஒருவன், அன்றைக்கு வாயைத் திறக்காமல் இருந்தவர்களிலும் நானும் ஒருவன்.

இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்ற சட்டத்தைக் காரணம் காட்டி வில்லின் நேரத்தைக் குறைப்பதும் எனக்குச் சரியாகப் படவில்லை. திறந்தவெளியில் இசைக்கருவிகளையும் சேர்த்தே சட்டம் தடுக்கிறது என்றாலும், திருவிழா நாட்களில் நள்ளிரவு வரை விலக்கு அளிக்க அதில் இடம் உண்டு. மைக் வருவதற்கு முன்பும் வில்லுப்பாட்டு இருந்தது, முற்றத்தில் கூடியிருப்பவர்களுக்கு எட்டும் குரலும் இவர்களுக்கு உண்டு. ஒலிபெருக்கி இல்லாமல் நடக்க முடியாத கச்சேரியை மாலையிலேயே முடித்துவிட்டு, உரிய அனுமதி பெற்று, நள்ளிரவுப் பூசையான சாமக்கொடை வரையிலான நேரத்தை வில்லுக்கு விட்டுக்கொடுத்தால் சட்டமும் மீறப்படாது, கதையும் அறுபடாது.

இன்னொன்று அச்சாரம் கொடுக்கும் காலம். கொடைக்கு ஒரு மாதமோ இரண்டு மாதமோ முன்னால், பெயருக்குச் சிறு தொகையை வெற்றிலை பாக்கோடு வைத்துவிட்டு வருவதுதான் வழக்கம். மீதிப் பணம் கொடை முடிந்து கணக்குப் பார்த்த பிறகு வரும், சில ஊர்களில் அதுவும் இழுபடும். நாட்டுப்புறக் கலைஞர்களுக்கான அரசு நல வாரியம் 2007இலேயே அமைக்கப்பட்டது நல்லதுதான். ஆனால் ஐப்பசி மழையில் அரிசிக்கு அல்லாடும் வீட்டுக்கு வேண்டியது, பங்குனியில் வரப்போகும் தன் சொந்தக் கூலியில் ஒரு பகுதிதான். ஊர்க்காரர்களுக்கு இது கூடுதல் செலவே இல்லை. எப்படியும் கொடுக்கப்போகிற பணத்தில் பாதியை ஐந்தாறு மாதம் முன்னதாகக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். அந்த இடைவெளியில்தான் கந்துவட்டிக்காரர் வந்து உட்காருகிறார்.

விழாக் குழுவில் இரண்டு ஆண்டு வாதாடி, சென்ற ஐப்பசியில் நாங்கள் மூன்று பேர் அதே புலவரின் வீட்டுக்குப் போனோம். அடைமழை. உடுக்கையைத் துணியில் சுற்றி, ஈரம் ஏறாமல் இருக்க அடுப்புக்கு மேலே உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டிருந்தார். அவருடைய மனைவி திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தார். பாதிப் பணத்தை வெற்றிலையோடு வைத்து நீட்டியபோது புலவர் உடனே வாங்கவில்லை. "தம்பி, ஐப்பசில அச்சாரமா? ஊர்ல எதும் தீட்டு கீட்டு ஆயி, கொடைய முன்னால வைக்கியளா?" என்று கேட்டார். கொடை சித்திரையில்தான், பணம் மட்டும் இப்போது என்று விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. பிறகு இரண்டு கையாலும் வாங்கி, விளக்கு மாடத்தில் வைத்துவிட்டு, எந்தக் கதை வேண்டும் என்று கேட்டார். முத்தாரம்மன் கதை, முழுவதும் என்றோம்.

சித்திரைக் கொடைக்கான நோட்டீஸ் நேற்று அச்சாகி வந்தது. இன்னிசைக் கச்சேரி மாலை 6 முதல் 9 வரை. வில்லுப்பாட்டு 9 மணிக்குத் தொடங்கி சாமக்கொடை வரை, 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கிடையாது. வருகிற ஐப்பசியிலும் அச்சாரம் போக வேண்டும் என்று குழுக் கூட்டத்தில் கேட்டிருக்கிறேன், இன்னும் முடிவு சொல்லவில்லை.