வள்ளி கும்மியைச் சேர்த்திருக்கலாம்

நடனம் உடம்புக்கும் மனசுக்கும் நல்லது என்கிற கட்டுரையில் ஜும்பா, சல்சா எல்லாம் இருக்கிறது. கொங்குப் பக்கத்து வள்ளி கும்மியைக் காணோமே! கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் கோயில் திடலில் சாயங்காலம் பயிற்சி நடக்கும். பேத்தியும் அப்பத்தாவும் ஒரே வட்டத்தில் ஆடுவார்கள். வள்ளி முருகன் கல்யாணக் கதையை ஆசிரியர் பாடப் பாட அடி மாறிக்கொண்டே இருக்கும். கொஞ்சம் அசந்தால் பக்கத்து ஆள் மேல் மோத வேண்டியதுதான். ஆக, காலோடு ஞாபகத்துக்கும் வேலை. 2003இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வில், 75 வயது தாண்டியவர்களிடம், உடற்பயிற்சி வகைகளில் நடனத்துக்கு மட்டுமே மறதிநோய் அபாயம் குறைவதோடு தொடர்பு தெரிந்தது. (அதுதான் காரணம் என்று நிரூபணமாகவில்லை, சரி.) முட்டிவலிக்காரர்கள் மட்டும் குதிப்பைக் குறைத்து ஆடுங்கள்.